டிரா ஆனா என்னன்னு எழுதல

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். சளி பிடிச்சிருந்தது, விட்டுடுச்சு. உன் கழுத்து வலி எப்படி? நாள் பூரா குனிஞ்சு லென்ஸ் தேய்ச்சா கழுத்து வேற என்ன பண்ணும்? அப்பாவோட இடுப்பு எலும்பு கூடிடுச்சா? தடி வச்சுக்கிட்டாவது நடக்கிறாரா?

ஆஸ்பத்திரி வராந்தாவில நாம ஆரம்பிச்ச செஸ் ஆட்டம் இது. அங்கேயே இருபது நகர்த்தல் முடிச்சுட்டுத்தான் நான் ரயில் ஏறினேன். மீதியைக் கடிதத்தில ஆடலாம்னு நீதான் சொன்னே. சொன்னது நல்லதாப் போச்சு. போன்ல நம்ம ரெண்டு பேரும் பேசினா மூணாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் பட்டுனு வச்சுடுறோம்.

விஷயத்துக்கு வர்றேன். என் யானை b7-க்குப் போய் உன் குதிரையைச் சாப்பிட்டாச்சு. உன் ராணி h3-ல, என் ராஜா வீட்டு வாசல்ல நிக்குது. நிக்கட்டும், வேடிக்கை பாக்கட்டும்.

அப்பாவால இனி தன் வீட்டுப் படி ஏற முடியாதுன்னு நாம பேசிக்கிட்டோமே, அவருக்கு இங்க ரூம் ரெடி. ஏழாவது மாடின்னாலும் லிப்ட் இருக்கு. நீ கடைக்குப் போயிட்டா அங்க பகல் பூரா தனியாத்தானே இருக்கார்? ஒழுங்கா தோத்துட்டு அவரை அனுப்பி வை. பந்தயம் கட்டினது மட்டும் அவர் காதுக்குப் போயிடக் கூடாது, போச்சுன்னா ரெண்டு பேரும் காலி.

உன் தம்பி


ஜனவரி 21

டேய் தம்பி,

எல்லாரும் சுகம். கழுத்து அப்படியேதான் இருக்கு, தலையைத் தாங்கிக்கிட்டு. அப்பா தடியோட தெருமுனை வரைக்கும் போறார். தபால் ஆபீஸ் மாடியில இருக்கு, பதினாலு படி. வேண்டாம்பான்னா கேக்கிறதில்ல. "ஒரே தடவையா பத்து ஸ்டாம்ப் வாங்கிட்டு வாங்க"ன்னா, ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வந்து நிக்கிறார். வயசானா பிடிவாதம் ஜாஸ்தியாகும்போல.

ஒரு குதிரையைத் தின்னுட்டு என்னடா இவ்வளவு ஏப்பம்? நீ மட்டும் ஏழாவது மாடியில பகல் பூரா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா உக்காந்திருக்கப் போறே? ஆபீசுக்குப் போறேல்ல? இங்க பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினா திறப்பாங்க. உன் பில்டிங்ல எதிர் வீட்டுக்காரர் முகம் உனக்குத் தெரியுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு.

என் யானை g6. பலகையை பிரிட்ஜ் மேல வச்சிருக்கேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல. பேப்பர், ரேடியோ, தூக்கம், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கழுத்துக்கு ஒரு தலையணை அனுப்பியிருக்கேன். தோத்தவங்களுக்கு ஆறுதல் பரிசுன்னு நினைச்சுக்கோ.

எதிர் வீட்டுக்காரர் முகம் தெரியும். மீசை வச்சிருக்கார். இல்ல, அது லிப்ட் ஆப்பரேட்டரா? சரி, அதை விடு.

ராணி a7. மூலையில தனியா நின்ன உன் சிப்பாயைத் தூக்கியாச்சு. அடுத்து மேட் வரப்போகுது, எட்டிப் பாரு. நான் ஒன்பது சிப்பாய் அளவுக்கு முன்னாடி இருக்கேன். கரெக்டா சொல்லணும்னா ஒன்பது புள்ளி ரெண்டு.

இன்னொரு சந்தோஷம். வேலை முடிஞ்சு வந்து ஒரு செஸ் புரோகிராம் எழுதிட்டு இருந்தேனே, "கணக்குப்பிள்ளை"ன்னு பேர் வச்சு, அதை மே மாசம் புரோகிராம்களுக்குன்னே நடக்கிற போட்டியில சேத்துக்கிட்டாங்க. இதுவரைக்கும் நாப்பது ஆட்டத்தில முப்பத்தாறு ஜெயிச்சிருக்கான். பெத்த பிள்ளை மாதிரி பெருமையா இருக்கு.

அப்பாவோட ஸ்வெட்டரை மறக்காம எடுத்து வை. இங்க காத்து ஜாஸ்தி.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

ஒரு மாசமாப் பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே. கடையில வேலை ஜாஸ்தி. ஸ்கூல் பரீட்சை வந்தாத்தான் எல்லாப் பிள்ளைங்களுக்கும் கண்ணு தெரியலைன்னு அப்பா அம்மாவுக்கு ஞாபகம் வருது. தலையணை நல்லா இருக்கு, அப்பா எடுத்துக்கிட்டார்.

யானை g3-ல இருக்கிற சிப்பாயை வெட்டுது. செக்.

ஒன்பது புள்ளி ரெண்டுன்னு எழுதியிருந்தே. ஒன்பது சரி, அந்தப் புள்ளி ரெண்டை எந்தத் தராசில நிறுத்தே?

அப்பாவுக்கு நானே புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். பழசில ஒரு பக்கம் கீறல். இப்ப எல்லாம் பளிச்சுனு தெரியுதாம்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல்னு எழுதத்தான் நினைச்சேன். ஆனா யானையைத் தூக்கி நெருப்பில போடுறவகிட்ட என்னன்னு நலம் விசாரிக்கிறது? ஒரு சிப்பாய்க்கு ஒரு யானையா? கழுத்து வலி தலைக்கு ஏறிடுச்சா?

h சிப்பாயால உன் யானையைச் சாப்பிட்டேன். செக்குனு சொன்னதால சாப்பிட்டுத்தான் ஆகணும், விலகினா எனக்கே மேட். மத்தபடி எனக்கு இது இனாம்.

இங்க பாரு அக்கா, உன் மேல எனக்குக் கோபமே கிடையாது. மூணு மாசமா அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, நடக்க வச்சது நீ. நான் போன்ல உத்தரவு போட்டுட்டு இருந்தேன். அது எனக்குக் குத்துது. அதனாலதான் நான் ஜெயிக்கணும். என் முறைன்னு ஒண்ணு வர வேண்டாமா? அப்பா துணிமணியை எடுத்து வை. ஏப்ரல்ல டிக்கெட் போடுறேன்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். குத்துதுன்னு எழுதின இடத்தில எனக்கும் குத்திச்சு. ஆனா அதுக்காக விட்டுக்கொடுக்க முடியாது. அம்மாவும் போயிட்டா, அப்பா வந்ததுல இருந்து இந்த வீட்டுல சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ள ஒரு இருமல் சத்தம் கேக்குது பாரு, அது எனக்கு வேணும்.

ராணி g3-ல சிப்பாயைச் சாப்பிட்டு, செக். உன் ராஜா h1-க்குத்தான் போக முடியும். உடனே ராணி h3, செக். அவர் g1-க்குத்தான் திரும்பி வரணும். ராணி மறுபடி g3, செக். உனக்கு வேற வழியே இல்லைங்கிறதால ஒரே கடிதத்தில எழுதிட்டேன்.

சும்மா கேக்கிறேன், இந்த மாதிரி இடத்துக்கு உன் கணக்குப்பிள்ளை என்ன நம்பர் போடுவான்?

அப்பா நல்லா இருக்கார். டாக்டர் "தடியை எதுக்குச் சுமக்கிறீங்க"ன்னு கேட்டாராம்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்கா,

சுகமா இருக்கேன். ராஜா h1.

கேட்டியே, சொல்றேன். பொதுவாச் சொல்றேன், நம்ம ஆட்டத்தை வச்சு இல்ல. கணக்குப்பிள்ளை ஒரு நிலையைக் கொடுத்தா என் பக்கம் மூணு, எதிர்ப் பக்கம் மூணுன்னு ஆறு அடி முன்னாடி போய்ப் பாப்பான். அங்க நின்னு பலகையில மிச்சம் இருக்கிற காய்களை எண்ணுவான். யார்கிட்ட ஜாஸ்தியோ அவங்க முன்னாடி. என்கிட்ட ராணியும் ரெண்டு யானையும் இருக்கு, உன்கிட்ட வெறும் ராணி. அதனால இப்பவும் ஒன்பதுதான் போடுவான்.

செக் மேல செக் வச்சுட்டே இருந்தா ஆட்டம் முடியாதேன்னு நீ கேப்பே. அதுக்கும் சட்டம் இருக்கு. அதே நிலை மூணு தடவை வந்தாத்தான் டிரா. அப்படி மூணாவது தடவை வந்தா பூஜ்யம் போடணும்னு நான் எழுதியே வச்சிருக்கேன். அவன் இன்னும் போடலையே! ஒவ்வொரு கடிதம் வந்ததும் பலகையை அடுக்கிப் பாக்கிறேன், ஒன்பது, ஒன்பது, ஒன்பதுன்னு கல்லு மாதிரி நிக்கிறான். அப்போ எங்கேயோ தப்பிக்க வழி இருக்குன்னுதானே அர்த்தம்?

டிக்கெட் போட்டாச்சு. மே பத்து.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

எல்லாரும் சுகம்.

ராணி h3, செக். நீ g1. ராணி g3, செக்.

வழி கிடைச்சுதா?

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் கொஞ்சம் மானங்கெட்டுப் போய்க் கிடக்கு.

நீ கண்டுபிடிச்சிருப்பே, இருந்தாலும் என் வாயாலேயே சொல்லிடுறேன். ரயில் ஏறினதுல இருந்து நான் ஆடவே இல்ல. ஒவ்வொரு கடிதத்துக்கும் கணக்குப்பிள்ளைதான் ஆடினான். அப்பா விஷயத்தில ரிஸ்க் எடுக்க வேண்டாம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

உன் எட்டாம் தேதிக் கடிதம் வந்ததும் அடுக்கிப் பாத்தேன், ஒன்பதுன்னான். சந்தேகம் வந்து, கம்ப்யூட்டரை மூடிட்டு நிஜப் பலகையில அடுக்கினேன். h1, g1, h1, g1. உன் ராணி ரெண்டு கட்டத்துக்கு நடுவில ஊஞ்சல் ஆடுது, என் ராஜாவால மூச்சு விட முடியல. ரெண்டு யானையும் சும்மா நின்னு வேடிக்கை பாக்குதுங்க. கால் மணி நேரத்தில புரிஞ்சுது. சின்னப் பிள்ளைக்கும் புரிஞ்சிருக்கும்.

அவனுக்கு ஏன் புரியலைன்னா, தப்பு ரெண்டு, ரெண்டும் என்னோடது. மூணாவது தடவை வந்தாத்தான் டிரான்னு சட்டத்தை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆறு அடி போறதுக்குள்ள மூணாவது தடவை வர்றதில்ல. ரெண்டாவது தடவையோடயே அவன் நின்னுடுறான், நின்ன இடத்தில காய்களை எண்ணிட்டு ஒன்பதுன்றான். ஒரு தடவை சுத்தி அதே இடத்துக்கு வந்தாலே போதும், இனிமேலும் சுத்தத்தான் போகுதுன்னு எடுத்துக்கணும். அப்படித்தான் எழுதியிருக்கணும்.

ரெண்டாவது தப்பைச் சொன்னா சிரிப்பே. ஒவ்வொரு கடிதத்துக்கும் நிலையைப் புதுசா அடுக்கிக் கொடுத்தேனே தவிர, இதுவரைக்கும் நடந்ததைச் சொல்லவே இல்ல. அவனுக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான் முதல் தடவை. அப்புறம் எங்கிருந்து மூணை எண்ணுவான், பாவம்!

ராத்திரிக்குள்ள ரெண்டையும் திருத்தினேன். இப்ப அதே நிலைக்குப் பளிச்சுனு பூஜ்யம் போடுறான். அப்படியே பின்னாடி போய்ப் பாத்தேன். பிப்ரவரியில என் ராணி e3-லயே இருந்திருந்தா உன் யானை g3-ஐத் தொட்டிருக்கவே முடியாது. அன்னைக்கு என் கை நகர மாட்டேன்னுதான் சொல்லிச்சு. மூலையில இருந்த அந்த ஒத்தைச் சிப்பாய்க்கு ஆசைப்பட்டது அவன், அவன் பேச்சைக் கேட்டது நான்.

ஆக, டிரா. போட்டியில எனக்கு நடக்க இருந்த அவமானத்துல இருந்தும் நீ என்னைக் காப்பாத்திட்டே. சூப்பர் ஆட்டம் அக்கா, சத்தியமா.

ஆனா நம்ம பந்தயத்தில டிரா ஆனா என்னன்னு எழுதலையே? மறுபடி முதல்ல இருந்து ஆடலாமா? இந்தத் தடவை நானே ஆடுறேன்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் படிச்சுட்டுச் சிரிச்ச சிரிப்பில கழுத்து சுளுக்கிக்கிச்சு.

என்னைச் சூப்பர்னு எழுதியிருக்கே. அதைப் பத்தி அப்புறம் பேசலாம். உன்னைத் திட்டுற நிலைமையில நானும் இல்ல, அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும்.

பந்தயச் சீட்டைத் தேடிப் பாத்தேன். செஸ் டப்பாவுக்கு அடியிலதான் வச்சிருந்தேன். மடிப்பு வேற மாதிரி இருந்துச்சு. நாலு வரி. தம்பி ஜெயிச்சா அப்பா தம்பி வீட்டுக்கு. அக்கா ஜெயிச்சா அப்பா அக்கா வீட்டுல. தோத்தவங்க குறை சொல்லக் கூடாது. இதைப் பத்திப் போன்ல பேசக் கூடாது. டிராவுக்கு வரியே இல்ல. ரெண்டு பேருக்கும் ஜெயிச்சுடுவோம்னு அவ்வளவு நிச்சயம்!

மறுபடி ஆடலாம். நீ மே பத்து வா, நேர்லயே ஆடுவோம். கவரை அப்பாகிட்ட கொடுக்கிறேன், போஸ்ட் பண்ணிடுவார்.

அக்கா


மே 6

மூத்தவளுக்கும் இளையவனுக்கும்,

அப்பா எழுதுறேன். நான் சௌக்கியம். கார்பன் தாள் வச்சு எழுதி ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு அனுப்பியிருக்கேன். யாருக்கு அசல், யாருக்கு நகல்னு அதுக்கும் ஒரு ஆட்டம் போடாதீங்க.

நான் எழுதுறது என் வீட்டு மேசையில இருந்து. மூத்தவளே, நீ நேத்து கடைக்குப் போனப்புறம் பக்கத்து வீட்டுல சாவி கொடுத்துட்டு, பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். நான் பிரிட்ஜ் மேல வச்ச சீட்டைப் பாத்துட்டு நீ போன் பண்ணினே, திட்டினே, வச்சுட்டே. அது இருக்கட்டும். இந்த வீட்டுக்குப் பன்னண்டு படி, என்னால ஏற முடியாதுன்னுதானே ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்க? தபால் ஆபீசுக்குப் பதினாலு. ஒரு நாளைக்கு ஒரு ஸ்டாம்ப். இப்ப புரியுதா?

தபால்காரர் வர்றது பதினோரு மணிக்கு. மூத்தவ ஒன்பதரைக்கே போயிடுவா. கெட்டில் ஆவியில கவர் எவ்வளவு அழகாப் பிரியும்னு உங்களுக்குத் தெரியாது. தப்புதான். ஆனா என்னைப் பந்தயத்தில வச்சு ஆடினதுக்கு முன்னால அது பெரிய தப்பு இல்ல.

முதல்ல எனக்குக் கோபம் வந்துச்சு. நான் என்ன கோப்பையா, ஜெயிச்சவங்க அலமாரியில தூக்கி வைக்க? அப்புறம் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் பகல்ல தனியா உக்காந்து அழுதேன். என் கூட வண்டி ஓட்டினவங்கள்ல எத்தனை பேர் வீட்டுல "நீ வச்சுக்கோ, நீ வச்சுக்கோ"ன்னு தள்ளி விடுறாங்க தெரியுமா? என் பிள்ளைங்க "எனக்குத்தான் வேணும்"னு சண்டை போடுதுங்க. எனக்கு அதுவே போதும்.

பிப்ரவரியில மூத்தவ பலகையை என் முன்னாடி கொண்டு வந்து வச்சா. "பொழுது போகலைன்னா இதைப் பாருங்கப்பா, சும்மா ஒரு ஆட்டம்"னா. சும்மாவாம்! பாத்ததுமே தெரிஞ்சுது, எதிர்ப் பக்கம் ஆடுறது என் பையன் இல்லைன்னு. அவன் சின்ன வயசுல இருந்தே ராணியை வீட்டு வாசல் தாண்ட விட மாட்டான். இது எவனோ பேராசைக்காரன், மூலையில கிடந்த சிப்பாய்க்காக ஊரைச் சுத்தப் போயிட்டான். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பத்தொன்பது நாள் பாத்தேன். மூத்தவ ஜெயிக்கிறதுக்கு வழியே இல்ல. ஆனா தோக்காம இருக்க வழி இருந்துச்சு. யானையைக் கொடு, அப்புறம் செக், செக், செக். அதுக்கு மேல எல்லாம் நான் சொன்னதுதான். ஒருத்தர் மெஷினை வச்சு, ஒருத்தர் பந்தயப் பொருளையே வச்சு ஆடியிருக்கீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்!

எனக்கு வேண்டியதும் டிராதான். ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து போற விருந்தாளி ஆயிடுவீங்க. உங்க பந்தயச் சீட்டைப் பாத்தேன், டிராவுக்கு வரி இல்ல. நீங்க எழுதாத இடம் எனக்குன்னு எடுத்துக்கிட்டேன். ஒரு மாசம் மூத்தவ வீடு, ஒரு மாசம் இளையவன் வீடு, மீதி மாசமெல்லாம் என் வீடு. பெட்டி தூக்கிறது நான், எப்ப வர்றேன்னு சொல்றதும் நான்.

இளையவனே, செக் சுத்திட்டே இருந்தா உன் மெஷின் பூஜ்யம் போடணும்னு எழுதியிருக்கே. போடட்டும், ஆட்டத்துக்கு அது சரி. நான் முப்பத்தொரு வருஷம் வட்டப் பாதை பஸ் ஓட்டினவன். காலையில கிளம்பின இடத்திலயேதான் ராத்திரி வண்டியை விடுவேன். கணக்குப்படி நான் எங்கேயும் போகல. ஆனா உங்க ரெண்டு பேரையும் ஸ்கூலுக்குக் கொண்டு போய் விட்டது அந்த பஸ்தான்.

டிக்கெட்டை ரத்து பண்ண வேண்டாம். மே பத்து இங்க வா. மூத்தவளே, நீயும் லீவு போட்டு வா. உன் முப்பதாம் தேதிக் கடிதம் என்கிட்டதான் இருக்கு, போஸ்ட் பண்ணல. நேர்ல கொடுத்துடுறேன்.

அதுக்கு முன்னால ஒரு புது ஆட்டம். நான் ஒரு பக்கம், நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு பக்கம். மெஷின் கூடாது. வெள்ளை எனக்கு. என் சிப்பாய் e4.

பதில் ஒண்ணுதான் வரணும், ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினதா இருக்கணும். போன்ல பேசுங்க. மூணு நிமிஷத்துக்கு மேல பேசுங்க.

அப்பா